எழுதியவர்: ரோடெல் ப்ரூயிட்

காம்ப்டன்
11 ஜனவரி 1993

அன்புள்ள அண்ணன் ரோடெலுக்கு,

லவெல் எழுதுவது. நீ உடல்நலத்தோடும் தெம்போடும் இருக்கும்போது இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும். நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது. ஆனால் மாதம் தவறாமல் சர்ச் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து உன்னைப் பார்க்க வரும்போது மட்டும் அந்த முழங்கால் வலிப்பதில்லையாம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிப் போடும் வேலைக்குக் கிளம்பும்போதுதான் வலிக்கிறதாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் ராப் ஆல்பம் முடியப் போகிறது. மொத்தம் பதினான்கு பாட்டு. இனி நான் லவெல் ப்ரூயிட் இல்லை, 'லோ கியர்'. சிரிக்காதே, கேசட் கம்பெனி முதலாளி டப்ஸ் வைத்த பெயர். மூன்று வருடம் டயர் கடையில் லாரிச் சக்கரம் கழற்றியவனுக்குத் துப்பாக்கிப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். தெருவில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். பார்த்ததை நானே செய்ததாகப் பாடினால் கேட்பவனுக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு உன்னிடம் ஒரு உதவி வேண்டும். ஏழாவது பாட்டுக்கும் எட்டாவது பாட்டுக்கும் நடுவில் சிறையிலிருந்து ஒரு போன் பேச்சு வர வேண்டும். நீ ஸ்டுடியோ நம்பருக்குக் கூப்பிடு, நான் ரிசீவரை மைக்கில் பிடித்துக்கொள்கிறேன். நீ யோசிக்க வேண்டியது எதுவும் இல்லை. கீழே இருப்பதை அப்படியே படித்தால் போதும்:

"நான் நிம்மதியாத்தான் தூங்கறேன். அவன் எந்திரிச்சு வந்தான்னா மறுபடியும் சுடுவேன். வருத்தம்லாம் கோர்ட்டுக்குக் காட்ட வச்சிருந்தது. அவங்க அம்மா கேட்டா இதையே சொல்லு."

கொஞ்சம் கரகரப்பாகப் படி. நீ அறிவிப்புப் பலகை வாசிப்பதுபோலப் படித்தால் எனக்குப் பிழைப்பு போய்விடும். உன் குரல் வீட்டில் கேட்டு ஒன்பது வருடம் ஆகிறது, என் ஆல்பத்திலாவது இருக்கட்டும்.

அம்மா முத்தம் அனுப்புகிறாள்.

உன் தம்பி,
லவெல்


சிறைச்சாலை, மத்தியப் பள்ளத்தாக்கு
29 ஜனவரி 1993

அன்புத் தம்பி லவெலுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம். பல்வலி ஒன்று இருந்தது, பிடுங்கிவிட்டார்கள். இங்கே பல்லுக்கு வேறு வைத்தியம் கிடையாது.

நீ அனுப்பிய நாலு வரியைப் படித்தேன். என் அறையில் கூட இருக்கும் பூட்டேயிடம் படித்துக் காட்டினேன். அவன் லூசியானாக்காரன், வாயடக்கம் இல்லாதவன். "என்ன மச்சான், கொலகாரன் மாதிரி பேசச் சொன்னா நீ போஸ்ட்மேன் மாதிரி பேசற" என்றான். மூன்று நாள் அவனே பழக்கினான்.

லவெல், இது நான் இல்லை என்று உனக்குத் தெரியும். வென்டல் ஹேய்ஸை நான் சுட்டது மதுக்கடை வாசலில், ஒரு வாய்த்தகராறில், ஒரு நிமிடத்தில். அந்த ஒரு நிமிடத்தை நினைக்காமல் ஒருநாளும் போனதில்லை. அவங்க அம்மாவை இதில் இழுக்க வேண்டுமா? அடுத்த வருடம் ஏப்ரலில் எனக்குப் பரோல் வாரியத்தின் முதல் விசாரணை வேறு வருகிறது.

ஆனாலும் நீ என்னிடம் ஒன்று கேட்டு எத்தனை வருடம் ஆகிறது. உள்ளே இருப்பவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, கொடுக்க எதுவும் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வியாழக்கிழமை கூப்பிடுகிறேன். கதையில் வரும் ஆள் பேசுவதாக நினைத்துப் படித்துவிடுகிறேன்.

பாட்டில் கெட்ட வார்த்தை எத்தனை என்று அம்மா எண்ணுவாள். தயாராக இரு.

உன் அண்ணன்,
ரோடெல்


காம்ப்டன்
6 ஜூன் 1993

அன்பு அண்ணா,

நலமா? நாங்கள் நலமோ நலம். ஆல்பம் வெளிவந்து ஐந்து வாரம் ஆகிறது. ஸ்வாப் மீட் சந்தையில் கொரியக்காரர் கடையில் கேசட் ஒரு மத்தியானத்தில் தீர்ந்து, பெட்டி வரும்வரை பையன்கள் வரிசையில் நின்றார்கள். எந்த சிக்னலில் நின்றாலும் பக்கத்துக் காரில் நான்தான் பாடுகிறேன். ஒரு பெரிய பத்திரிகையில், "பாதி ராப்பர்கள் கேள்விப்பட்டதைப் பாடுகிறார்கள், இவர் பட்டதைப் பாடுகிறார்" என்று எழுதியிருக்கிறார்கள். அதிலும் உன் போன் பேச்சுக்குத் தனியாக ஒரு பத்தி. ஆல்பத்திலேயே மிகப் பயங்கரமான முப்பது நொடி அதுதானாம்.

எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. நம் பாஸ்டர் போன ஞாயிறு பிரசங்க மேடையில் கேசட்டைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம பிள்ளைங்களுக்கு நாமளே குடுக்கற விஷம்" என்று சொல்லிக் குப்பைக்கூடையில் போட்டாராம். அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "அந்தாளு கேசட்ட காசு குடுத்து வாங்கினாரான்னு கேளு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கேசட் உள்ளே வராது என்பதால் அதோடு வரும் பாட்டு வரி அச்சடித்த அட்டைப் புத்தகத்தை மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறாம் பக்கத்தில் உன் போன் பேச்சுக்குக் கீழே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார். 'எழுதியவர்: ரோடெல் ப்ரூயிட்.' உனக்கு என் பரிசு. அந்தப் பக்கத்துக்கு விற்பனைப் பணத்தில் வரும் பங்கும் உன் பெயருக்கே போகும். ப்ரூயிட் குடும்பத்தில் முதலில் அச்சில் வந்தது உன் பெயர்தான், அண்ணா.

அம்மா இந்த மாதம் பஸ்ஸில் வரவில்லை. முழங்கால்.

உன் தம்பி,
லவெல்


சிறைச்சாலை, மத்தியப் பள்ளத்தாக்கு
27 ஜூன் 1993

அன்புத் தம்பி லவெலுக்கு,

உன் வெற்றி கேட்டு மனம் நிறைந்தது. உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டு ஊரைச் சுற்றாதே.

அட்டைப் புத்தகம் வந்தது. என் பெயரை அச்சில் நான் இதுவரை பார்த்தது கோர்ட்டுத் தாளில்தான். ஆறாம் பக்கத்தைப் பிரித்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். பூட்டே எட்டிப் பார்த்து, "எழுத்தாளரய்யா, சூப் ரெடி" என்றான். அன்றிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

முற்றத்தில் நிலைமை வேறு. ரேடியோ வைத்திருக்கும் பையன்கள் அந்தப் பேச்சை மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்து, "பெரியவரே, நீங்க சொன்னது நெசம். நானும் நிம்மதியாத்தான் தூங்கறேன்" என்றான். அவன் ராத்திரியெல்லாம் அழுவது எங்கள் அறைவரை கேட்கும். நான் தலையாட்டினேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கண் தெரியாத குழந்தைகளுக்குப் புள்ளி எழுத்தில் பாடப் புத்தகம் அடிக்கிறவன். ஏழு வருடமாக என்மேல் ஒரு புகார்கூட இல்லை. ஏப்ரலில் வாரியத்துக்குக் காட்ட என்னிடம் இருப்பது அந்த ஒரு கோப்புதான்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். நான் எழுதாததற்கு என் பெயர் எதற்கு? பங்கு கொடுக்க வேறு வழியில்லையா?

அம்மாவுக்கு முழங்கால் அவ்வளவு மோசமா? பத்து வரி எழுதச் சொல். ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை.

உன் அண்ணன்,
ரோடெல்


கிளீவ்லாந்து, ஹோட்டல்
2 செப்டம்பர் 1993

அன்பு அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துவிடு, நாற்பது நாளில் முப்பத்தொரு ஊர். சாமான் பட்டியலில் நீ கேட்டிருந்த ஷூ, நூடுல்ஸ், கடுகுச் சாஸில் ஊறிய மீன் டப்பா எல்லாம் சிறைக்குச் சாமான் அனுப்பும் கடைக்காரர் வழியாக வரும். சைஸ் பன்னிரண்டுதானே?

பத்து லட்சம் பிரதி விற்றதற்காக ஆல்பத்துக்கு பிளாட்டினம் தட்டு கொடுத்தார்கள். அம்மாவிடம் மாட்டச் சொன்னேன். "சுவத்துல ஆணி அடிக்க மாட்டேன்" என்று பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். ஒரு பத்திரிகையில் நாலு பக்கப் பேட்டி. "இதில் எவ்வளவு நிஜம்?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு சொல்லும் நிஜம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும், எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்.

நீ கேட்டிருந்ததைப் பற்றி நேரில் பேசலாம்.

அம்மா முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்கிறாள். பஸ் அவளுக்கு இப்போது ஆகாது.

அவசரத்தில்,
லவெல்


சிறைச்சாலை, மத்தியப் பள்ளத்தாக்கு
20 அக்டோபர் 1993

அன்புத் தம்பி லவெலுக்கு,

நலம் என்று நம்புகிறேன். ஷூ வந்தது, சரியாக இருக்கிறது.

போன திங்கட்கிழமை என் கோப்பைப் பார்க்கும் அதிகாரி கூப்பிட்டார். மேஜைமேல் உன் கேசட் இருந்தது. வாரியத்துக்கு அதை அனுப்பியவர் ஹேய்ஸ் அம்மா, வென்டலின் தாயார். அவர் வீட்டு வாசலில் ஒரு கார் நின்று பாட்டுப் போட்டிருக்கிறது. ஜன்னல் திறந்திருந்ததாம். பத்து வருடம் முன்னால் கோர்ட்டில் என் குரலைக் கேட்டவர், உடனே தெரிந்திருக்கிறது. பேத்தியை அனுப்பி ஒரு கேசட் வாங்கிவரச் செய்து, அட்டைப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, ஆறாம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார்.

"தம்பி எழுதிக் குடுத்தான், நான் படிச்சேன் சார்" என்றேன். அதிகாரி கெட்டவர் இல்லை. ஆறாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "இதுல யாரு எழுதினதுன்னு போட்டிருக்கு, நீங்களே படிங்க" என்றார். நான் படித்தேன்.

உன்னிடமிருந்து அரைப் பக்கம் வேண்டும், லவெல். உன் சொந்தப் பெயரில், நோட்டரி முத்திரையோடு. 'இந்த வரிகளை எழுதியது நான். அண்ணன் என் வேண்டுகோளுக்காகப் படித்தான்.' இந்த இரண்டு வாக்கியம் போதும். பிப்ரவரி முடிவதற்குள் கோப்பில் சேர வேண்டும்.

வாரியம் என்ன செய்யும் என்பதைவிட அந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து என் வாயால் அதைக் கேட்டாரே, அதுதான் என்னைச் சாப்பிட விடவில்லை.

அம்மாவை போனிலாவது வரச் சொல். கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை.

உன் அண்ணன்,
ரோடெல்


காம்ப்டன்
14 டிசம்பர் 1993

அன்பு அண்ணா,

நலமா? கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், நாலு முறை கிழித்துப் போட்டேன்.

செய்வேன். கட்டாயம் செய்வேன். அதற்கு முன் டப்ஸிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னதும் அவர் கதவைச் சாத்தினார். "உனக்கு மூள கீள இருக்கா? ஒவ்வொரு சொல்லும் நெசம்னு நாலு பக்கம் பேட்டி குடுத்துட்டு, இப்ப அரசாங்கத்துக்கு முத்திர போட்டுப் பொய்னு எழுதித் தருவியா? அது மறுநாளே பத்திரிகைக்குப் போயிடும். டயர் கடைக்காரன்னு ஊரே சிரிக்கும். ரெண்டாவது ஆல்பத்த எவன் வாங்குவான்?" என்றார். பிறகு தோளில் கை போட்டு, கம்பெனி வக்கீல் பக்குவமாக எழுதிக் கொடுப்பார் என்றார்.

வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிப்ரவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அம்மா நலம். முழங்கால்தான்.

லவெல்


சிறைச்சாலை, மத்தியப் பள்ளத்தாக்கு
31 ஜனவரி 1994

தம்பி லவெலுக்கு,

பூகம்பத்தில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? டிவியில் பாலம் விழுந்து கிடந்ததைப் பார்த்ததிலிருந்து பதினான்கு நாளாக விசாரிக்கிறேன், யாரும் எழுதவில்லை. அம்மாவின் வீட்டுப் புகைக்கூண்டு பழையது. அது நிற்கிறதா என்று மட்டுமாவது எழுது.

இன்னும் நாலு வாரம் இருக்கிறது. இரண்டே வாக்கியம்.

நான் கோபத்தில் இல்லை.

உன் அண்ணன்,
ரோடெல்


காம்ப்டன்
21 பிப்ரவரி 1994

அன்பு அண்ணா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். புகைக்கூண்டில் நாலு செங்கல் விழுந்தது, வேறு சேதம் இல்லை.

கடிதத்தை வாரியத்துக்கு அனுப்பிவிட்டேன். கம்பெனித் தாளில் இரண்டு பக்கம், நல்ல கடிதம். நீ எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, அப்பா போனபின் மளிகைக் கடையில் மூட்டை தூக்கி எனக்குப் பள்ளிச் சட்டை வாங்கித் தந்தது, புள்ளி எழுத்துப் புத்தகம் எல்லாம் இருக்கிறது. வெளியே வந்தால் வேலை தருகிறோம் என்றும் எழுதியிருக்கிறது. வக்கீலே பாராட்டினார்.

உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

லவெல்


சிறைச்சாலை, மத்தியப் பள்ளத்தாக்கு
22 ஏப்ரல் 1994

லவெலுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

விசாரணை செவ்வாய்க்கிழமை நடந்தது. மூன்று வருடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். 1997 ஏப்ரலில் மறுபடி கேட்கலாம்.

உன் கடிதத்தை வாரியத்தின் பெண் உறுப்பினர் முழுதாக வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, "உங்க தம்பி உங்களப் பத்தி ரெண்டு பக்கம் நல்லா எழுதியிருக்காரு. இந்தக் கேசட்டுல இருக்கறத எழுதினது யாருன்னு மட்டும் ஒரு வரி இல்லயே, ஏன்?" என்று கேட்டார். அந்த ஒரு வரி இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஹேய்ஸ் அம்மா எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், பக்கத்தில் சின்ன சக்கர வண்டியில் சிலிண்டர். கேசட்டைப் போட்டார்கள். என் குரல் வந்தபோது அவர் கேசட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

தம்பிதான் எழுதினான் என்று சொல்லியிருக்கலாம். உன் இரண்டு பக்கத்தில் இல்லாததை நான் சொன்னால், நம் இருவரில் ஒருவன் பொய்யன் என்று ஆகும். அவர்கள் யாரை நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதோடு, யார் எழுதினால் என்ன, அந்த அம்மாவுக்கு அதைச் சொன்னவன் நான். பூட்டே மூன்று நாள் பழக்கி, நன்றாக வரும்வரை சொல்லிப் பார்த்துச் சொன்னவன். "குரல் என்னுடையதுங்க" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அம்மா விசாரணைக்குக்கூட வரவில்லை. முழங்கால் என்று நீ எழுத வேண்டாம்.

ரோடெல்


காம்ப்டன்
9 ஜூலை 1994

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உன் கடிதம் வந்து பதினொரு வாரம் ஆகிறது. இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

முதலில் அந்தப் பெயர். அது பரிசு இல்லை. 'எழுதியவர்: ரோடெல் ப்ரூயிட்' என்று போடச் சொன்னவர் டப்ஸ். "கைதி கைப்பட எழுதினதுன்னா கடைக்காரன் முன்வரிசையில வைப்பான்" என்றார். நான் சரி என்றேன். கேசட்டின் மேலுறையில், 'உள்ளே: கொலைக் கைதியின் வாக்குமூலம், அவரே எழுதியது' என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. உனக்கு வெறும் அட்டைப் புத்தகத்தை மட்டும் அனுப்பியது அதற்காகத்தான். உனக்குக் கொடுப்பதாகச் சொல்லி உன்னை விற்றேன்.

வக்கீல் முதலில் எழுதிய கடிதத்தில் அந்த இரண்டு வாக்கியமும் இருந்தன. டப்ஸ் பேனாவால் அடித்தார். அடித்த தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அம்மா விஷயம் இதையெல்லாம் விட மோசம். அவள் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. பாஸ்டர் குப்பையில் போட்ட கேசட்டை அன்று சர்ச் முடிந்ததும் அம்மா போய் எடுத்து வந்திருக்கிறாள். வீட்டில் போட்டுக் கேட்டு, அட்டையைப் படித்து, என்னிடம் வந்து நின்றாள். "இத ரோடெல்தான் எழுதினானா? அவங்க அம்மா கேட்டா இதையே சொல்லுன்னு என் புள்ளயா எழுதினான்?" என்று கேட்டாள். அவள் பாஸ்டரைக் கிண்டல் செய்ததை மட்டும் உனக்கு எழுதினேன், இதை எழுதவில்லை. நான் ஆமாம் என்றேன். இல்லை என்றால் நான் எழுதியது என்று ஆகும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அன்றோடு பஸ் ஏறுவதை நிறுத்தினாள். போன் மணி அடித்தால் ஹாலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள், எடுக்க மாட்டாள்.

போன மாதம் அவளிடம் உண்மையைச் சொன்னேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஒரு வருஷம்டா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு நோட்டரியிடம் போய், லவெல் ப்ரூயிட் என்று கையெழுத்துப் போட்டு வாரியத்துக்கு அனுப்பினேன். நகல் இத்துடன். அதே பத்திரிகையைக் கூப்பிட்டு, நான் யாரையும் சுட்டதில்லை, டயர் மாற்றியவன், அந்தப் பேச்சை எழுதியது நான் என்று சொன்னேன். டப்ஸ் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டார். ஸ்வாப் மீட்டில் பையன்கள் என்னைப் பார்த்து, "அண்ணே, முன் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு" என்கிறார்கள். அது பரவாயில்லை. ஆனால் வெளியே போன பத்து லட்சம் பிரதியில் உன் பெயர்தான் இருக்கிறது, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன சனிக்கிழமை காலை ஹேய்ஸ் அம்மா வீட்டுக்குப் போனேன். பேத்தி கதவைத் திறந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாங்க."

"அப்ப சொல்லு. எழுதினவன் வாயால நான் கேக்கணும்."

நாலே வரி. முதல் சொல்லை ஆரம்பித்தேன். அவர் முகத்துக்கு எதிரே என் நாக்கு எழவில்லை. மறுபடி முயன்றேன். அவர் காத்திருந்தார், அவசரப்படுத்தவே இல்லை.

"மேடையில பத்தாயிரம் பேரு முன்னால சொன்னவன்தான நீ?"

"இல்லீங்கம்மா. அந்த இடம் வந்தா டேப்பத்தான் போடுவோம். நான் ஒரு தடவகூட அத சொன்னதில்ல."

"இத்தன நாளும் அவனையே சொல்ல விட்டிருக்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு விசாரணையில அவன் இல்லேன்னு சொல்லுவான்னு அவன் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன்" என்றார். "நான் எழுபத்தி மூணு. அடுத்த விசாரணைக்கு இருப்பனோ என்னவோ. இருந்தா வருவேன். நீயும் வா. இப்ப எங்கிட்ட சொன்னத அங்க சொல்லு. அதுக்கப்புறம் உங்கண்ணனப் பத்தி என்ன நெனைக்கணும்னு நான் முடிவு பண்ணிக்கறேன்." எனக்குத் தண்ணீர்கூடத் தரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

அண்ணா, என்னை மன்னிப்பாயா? கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

லவெல்


சிறைச்சாலை, மத்தியப் பள்ளத்தாக்கு
7 ஆகஸ்ட் 1994

லவெல்,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

போன ஞாயிறு அம்மா வந்தாள். பஸ்ஸில் வந்து பார்வையாளர் அறைக்குள் நுழைந்தவள் யார் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. பதினைந்து மாதத்தில் முடி முழுக்க வெளுத்துவிட்டது, தோள் இறங்கிவிட்டது. இரண்டு மணி நேரமும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னயப் போய் அப்படி நெனச்சிட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தேற்றினேன். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

வாரியம் எடுத்துக்கொண்ட மூன்று வருடத்தை உன் கணக்கில் எழுதவில்லை. ஒரு மனிதனைச் சுட்டவன் நான். அவங்க அம்மாவிடம் அந்த வார்த்தைகளைச் சொன்னவனும் நான்தான். அதற்காக நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

ஆனால் பத்து வருடமாக இந்தச் சுவருக்குள், நான் செய்ததற்குப் பிறகும், என்னை நல்லவன் என்று நம்பியவள் ஒருத்தி இருந்தாள். பதினைந்து மாதம் அவளும் இல்லாமல் ஆக்கினாய். அதுவும் எனக்குத் தெரியாமல். முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் நான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், பொய் சொல்லி எழுத விருப்பமில்லை. ஒருநாள் முடியலாம். முடிந்தால் எழுதுகிறேன், எழுதும்வரை நீ கேட்காதே.

1997 ஏப்ரலில் ஹேய்ஸ் அம்மா வந்தாலும் வராவிட்டாலும் நீ வா. அதுவரை மாதாமாதம் அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வா. பஸ்ஸில் அனுப்பாதே, இப்போது அவளுக்கு நிஜமாகவே முழங்கால் வலிக்கிறது. அவள் உள்ளே வந்து என்னைப் பார்க்கட்டும். நீ கார் நிறுத்தும் இடத்திலேயே இரு.

ரோடெல் ப்ரூயிட்